மஞ்சள் அட்டைன்னா காத்திருக்கணும்

அது டேக் அண்ணா. ஆபீஸ்ல கழுத்துல மாட்டிக்கிட்டுப் போவோமே, அந்த டேக். என் பழைய கம்பெனியோடது. ஆறு வயசுப் பொண்ணு கழுத்துல அது எதுக்குன்னுதானே பாக்கறீங்க? பாருங்க. இந்த ஆஸ்பத்திரிக்குள்ள வந்ததுலேர்ந்து எல்லாரும் அதைத்தான் பாக்கறாங்க. வாட்ச்மேன் பாத்தான். எக்ஸ்ரே எடுக்கறவன் பாத்தான். அந்த டாக்டர் பொண்ணு பாத்துச்சு ஒரு பார்வை, என்னமோ நான் குழந்தைய நாய்ச் சங்கிலி போட்டு இழுத்துட்டு வந்த மாதிரி. அவங்களுக்கெல்லாம் விளக்கம் சொல்ல எனக்குப் பொறுமை இல்ல. உங்களுக்குச் சொல்றேன். எப்படியும் அந்தக் கதவு திறக்கற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருக்கணும். உங்களையும் மேல வார்டுக்குள்ள விட மாட்டேங்கறாங்க.

உள்ள இருக்கறது என் பையன், நிரஞ்சன். மூணு வயசு. பேட்டரியை முழுங்கிட்டான். ரிமோட்ல போடற பென்சில் பேட்டரி இல்ல. வட்டமா, காசு மாதிரி, பளபளன்னு இருக்குமே, அது. தொண்டைக்குக் கீழ மாட்டிக்கிட்டு நிக்குது. மயக்க மருந்து குடுத்து, வாய் வழியா குழாய் விட்டு எடுக்கறாங்க. கூட ஒருத்தர்தான் வரலாம்னாங்க, என் வொய்ஃப் ஷர்மிளா போயிருக்கா. போகும்போது என்னை முறைச்சுட்டுப் போனா. அதுக்குக் காரணமே வேண்டாம், அவ முறைப்பா.

இவ மூத்தவ. சம்யுக்தா. ஒண்ணாங்கிளாஸ். நாங்க வந்து ஒன்றரை மணி நேரம் ஆச்சு, இவகிட்டேர்ந்து ஒரு சத்தம் கேட்டீங்களா? அழுகை, அடம், அது வேணும் இது வேணும், எதாவது? நீங்க குடுத்த பன்னைப் பாருங்க, கையிலயே வெச்சிருக்கா. வேற குழந்தையா இருந்தா இந்நேரம் தின்னு முடிச்சு கவரையும் நக்கியிருக்கும். நான் சொல்லாம எதையும் வாயில வெக்க மாட்டா. அதுக்குப் பேருதான் சிஸ்டம்.

சிஸ்டம் இல்ல அண்ணா ஒருத்தன்கிட்டயும். அதான் பிரச்சனை. மழை லீவுக்குப் பையன ஆட்டோவிலேயே கூட்டிட்டு சுத்தினேன்னு சொன்னீங்க. பக்கத்துல உக்கார வெச்சு. தப்பா எடுத்துக்காதீங்க, அது சிஸ்டம் இல்ல. சவாரியோட சவாரியா ஒரு குழந்தை. அவன் அந்த பில்டிங் என்ன, இந்த பஸ் எங்க போகுதுன்னு நொய்நொய்னு கேப்பான், நீங்களும் பதில் சொல்லிக்கிட்டே ஓட்டுவீங்க. இப்ப பாருங்க, அவனுக்குக் காய்ச்சல், நீங்க இங்க.

படிச்சவங்க மட்டும் என்ன கிழிச்சாங்க? எங்க டீம்ல சபரீஷ்னு ஒருத்தன். பத்து வருஷ அனுபவம். மீட்டிங் நடுவுல அவன் பொண்ணு ஜட்டியோட வந்து கேமரா முன்னாடி நிக்கும். வெள்ளைக்காரன் சிரிப்பான், இவனும் சேந்து சிரிப்பான். வெக்கம்னு ஒண்ணு கிடையாது. இன்னொருத்தி, பேரு வேண்டாம், குழந்தை கையில போனைக் குடுத்து கட்டில்ல போட்டுடுவா, காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். அது இப்ப அம்மாவைப் பாத்தா அழுவுது, போனைப் பாத்தா சிரிக்குது. வீட்லேர்ந்து வேலைன்னு கம்பெனி சொன்ன உடனே எல்லாரும் குதிச்சாங்க. குழந்தைய என்ன பண்றதுன்னு ஒருத்தனும் அஞ்சு நிமிஷம் உக்காந்து யோசிக்கல. நான் யோசிச்சேன்.

என் வேலை என்னன்னு உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். ஆஸ்திரேலியாவுல ஒரு ஆபீஸ்ல கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுதுன்னு வைங்க. அவன் எங்களுக்கு ஒரு புகார் அனுப்புவான். அதுக்குப் பேரு டிக்கெட். உங்க பஸ் டிக்கெட் இல்ல. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அவசரம் எவ்ளோன்னு ஒரு அளவு உண்டு. ஊரே நின்னு போச்சுன்னா உடனே எடுப்போம். ஒருத்தனுக்கு பிரின்டர் வரலைன்னா அவன் காத்திருக்கணும். எவன் கத்தறானோ அவனுக்கு முதல்லன்னு ஆரம்பிச்சா வேலை நடக்காது. பதினோரு வருஷமா இதைத்தான் பண்றேன். முப்பத்தி ரெண்டு பேர் எனக்குக் கீழ வேலை பாக்கறாங்க. வீட்ல ரெண்டு பேரை என்னால வெச்சுக்க முடியாதா?

அதான் அந்த டேக். அந்தக் கவருக்குள்ள மூணு கலர் அட்டை இருக்கு. சிவப்புன்னா கதவைத் திறந்து நேரா உள்ள வரலாம், நான் எந்த மீட்டிங்ல இருந்தாலும் சரி. எதுக்கெல்லாம் சிவப்பு? ரத்தம், தீ, வாசல்ல தெரியாத ஆள். மூணே மூணு. மனப்பாடமா சொல்லுவா. மஞ்சள்னா மத்த எல்லாம். ஒரு பேப்பர்ல எழுதியோ வரைஞ்சோ என் ரூம் கதவுக்கு அடியில தள்ளி விட்டுட்டுக் காத்திருக்கணும். பத்து மணிக்கு ஒரு பிரேக், ஒரு மணிக்கு ஒரு பிரேக், அப்பப் பாப்பேன். மஞ்சள்னா காத்திருக்கணும், தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. பச்சைன்னா ஒண்ணும் இல்ல, எல்லாம் சரியா இருக்கு. இப்ப மஞ்சள்தான் முன்னாடி தெரியுது, பாருங்க. அது தம்பி விஷயம். நடுவுல ஒரு தடவை சிவப்பு வெச்சா, ஆஸ்பத்திரிக்கு வந்ததும் மறுபடி மஞ்சள். இன்னும் முடியல இல்லையா, அதான். அவ்ளோ கரெக்டு.

துப்பாதே சம்யு. தரையில துப்பக் கூடாது. கர்ச்சீஃப் வெச்சுக்கோ. ஆஸ்பத்திரி இது.

எங்க விட்டேன்? ஆங். அட்டை மட்டும் போதாது அண்ணா. கோடை லீவுல ஆரம்பிச்சப்ப, முதல் வாரத்துல ஒரு நாளைக்கு முப்பது பேப்பர் வந்துச்சு. தம்பி பென்சிலைப் பிடுங்கறான், தம்பி பால் வேண்டாங்கறான். அப்பதான் எங்க ஆபீஸ்ல இருக்கற ரெண்டாவது ரூலை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கஸ்டமர் சொல்றதை நாங்க அப்படியே நம்ப மாட்டோம். அவன் பண்ணதையே நாங்களும் ஒரு தடவை பண்ணிப் பாப்போம். எங்களுக்கும் அதே கோளாறு வந்தாத்தான் அது கோளாறு. இல்லன்னா அவன் கற்பனை.

இவளுக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்தேன். தம்பிக்குப் பால் கசக்குதாம்னு வருவா. நீ குடிச்சுப் பாத்தியா? இல்லப்பா. போய்க் குடிச்சுப் பாரு. குடிச்சா, கசக்கல. அப்ப அது பிரச்சனையே இல்ல, அவன் சேட்டை. தம்பிக்குச் செருப்பு கடிக்குதாம். நீ போட்டுப் பாத்தியா? அவ காலை அதுல திணிச்சுப் பாத்துட்டு, ஆமாப்பா கடிக்குதுன்னா. சரி, அது நிஜம், வேற வாங்கலாம். எது வந்தாலும் முதல்ல அவ பண்ணிப் பாக்கணும். பண்ணிப் பாத்துட்டு பேப்பர்ல ஒரு டிக் போடணும். டிக் இல்லாத பேப்பரை நான் தொடக்கூட மாட்டேன். பாதி டிக்கெட் அங்கயே செத்துப் போச்சு. ஒரு நாளைக்கு முப்பது வந்த இடத்துல ரெண்டு, மூணு. மீதியெல்லாம் அவளே பாத்துக்குவா. அவனுக்குச் சோறு ஊட்டறது, டாய்லெட் கூட்டிட்டுப் போறது, தூங்க வெக்கறது, எல்லாம். சபரீஷ் கேட்டான், எப்படிடா உன் வீட்ல ஒரு சத்தமும் வரல, குழந்தைங்கள ஊருக்கு அனுப்பிட்டியான்னு. ஹால்லதான்டா இருக்காங்கன்னேன். நம்பல.

மூணாவது ரூல் ஒண்ணு உண்டு. ஒரு நேரத்துல ஒரு டிக்கெட்தான். ஒண்ணு முடியாம இன்னொண்ணு போடக் கூடாது. வரிசையில நிக்கணும். இந்த ஊர்ல ரேஷன் கடையில நிக்கறவனுக்குத் தெரியல, இவளுக்குத் தெரியும்.

என்ன? இருங்கண்ணா, முடிச்சிடறேன்.

ஷர்மிளாவுக்கு இது பிடிக்கல. அவளுக்கு என்ன பிடிச்சிருக்கு? லேப்ல வேலை. வேலைன்னா என்ன, வரவனுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்து பாட்டில்ல ஊத்தறது. அதுக்குக் காலையில ஏழு மணிக்குப் போயிடுவா. சாயங்காலம் வந்து, பொண்ணு கழுத்துலேர்ந்து டேக்கை எடுத்து ஆணியில மாட்டுவா, அது என்னமோ அழுக்குத் துணி மாதிரி. ஒரு நாள் கேக்கறா, அவ உங்ககிட்ட வேலைக்கு வந்திருக்காளான்னு. நான் சொன்னேன், வேலைக்கு வந்தவங்க இவ்ளோ ஒழுங்கா இருந்தா நான் ஏன் கத்தப் போறேன்னு. எதிர் ஃப்ளாட்டுல ஸ்டெல்லான்னு ஒரு அம்மா இருக்காங்க, அவங்ககிட்ட விடலாம்னு ஒரே பிடிவாதம். போன வாரம்கூட சொன்னா, ரெண்டு பேரையும் அங்க விடுங்க, இல்லன்னா நான் வேலைய விடறேன்னு. விடேன்னேன். விடல. அவ்ளோதான் அவ வீரம்.

அந்த ஸ்டெல்லா வீட்டைப் பாத்திருக்கணும் நீங்க. ரிட்டயர்டு டீச்சர் ஒண்ணும் இல்ல, சும்மா வீட்ல இருக்கறவங்க. ஃப்ளாட்டுல இருக்கற வாண்டெல்லாம் அங்கதான். சுவரெல்லாம் கிறுக்கல். அவங்களும் சேந்து தரையில உக்காந்து பாட்டுப் பாடிக்கிட்டு, கைதட்டிக்கிட்டு, மாவைப் பிசைஞ்சு யானை பண்ணிக்கிட்டு. ஒரு தடவை இவளை அனுப்பினேன். திரும்பி வந்து ரெண்டு நாள் கத்திப் பேசினா. அட்டையை மறந்துட்டு கதவைத் திறந்து அப்பான்னு உள்ள ஓடி வரா, நான் கஸ்டமரோட பேசிக்கிட்டிருக்கேன். பழையபடி லைனுக்குக் கொண்டு வர எனக்கு ஒரு வாரம் ஆச்சு.

சரி, இன்னிக்குக் கதைக்கு வரேன். நாலு நாளா மழை லீவு, தெரியும் உங்களுக்கு. ரெண்டு பேரும் வீட்ல. கார்த்திகைக்கு ஷர்மிளா பேட்டரி விளக்கு ஒரு டஜன் வாங்கினா. பிளாஸ்டிக் அகல், சுடர் மட்டும் மினுக்மினுக்னு எரியும். பால்கனியில காத்துக்கும் மழைக்கும் எண்ணெய் விளக்கு நிக்காதாம். சரி, கார்த்திகை முடிஞ்சுதா, எடுத்து மேல வெக்கணுமா இல்லையா? வெக்கல. டிவி ஸ்டாண்டுலயே இருந்துச்சு. அடியில ஒரு சின்ன மூடி, நகத்தால தள்ளினாத் திறந்துக்கும். இவன் திறந்திருக்கான். இதுல என் தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. ஆனா முறைப்பு எனக்கு.

பதினொண்ணரை இருக்கும், கதவுக்கு அடியில பேப்பர் வந்துச்சு. பத்து மணி பிரேக் முடிஞ்சு போச்சு, அடுத்தது ஒரு மணிக்கு. அந்த நேரத்துல பிரிஸ்பேன்ல ஒரு ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் மொத்தமா படுத்துக்கிச்சு, நாப்பது பேர் லைன்ல. நான் குனிஞ்சுகூடப் பாக்கல. ஒரு மணிக்கு எடுத்துப் பாத்தேன். குழந்தை முகம், வாய், வாய்க்குள்ள ஒரு வட்டம். பிஸ்கட்டுனு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க. கதவைத் திறந்தேன், இவ வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. தம்பி சாப்பிட்டானான்னு கேட்டேன், தலையாட்டினா. சரின்னு பேப்பர்ல முடிஞ்சதுன்னு எழுதிட்டு, நான் தட்டைப் போட்டு சாப்பிட்டேன். தலையாட்டினா அண்ணா. இல்லன்னு சொல்லல.

மூணு மணிக்கு கதவு திறந்துச்சு. இவ நிக்கறா, சிவப்பு அட்டை. ஹாலுக்கு ஓடறேன், இவன் வாந்தி எடுத்திருக்கான், அதுல ரத்தம். வாயெல்லாம் எச்சி, அழக்கூட வரல அவனுக்கு, கொர்கொர்னு ஒரு சத்தம். என்ன முழுங்கினான்னு கத்தறேன், இவ விளக்கைக் கையில எடுத்துக் காட்டறா. அதுக்குள்ள என் சத்தம் கேட்டு அந்த ஸ்டெல்லா ஓடி வந்து, விளக்கைத் திருப்பிப் பாத்துட்டு, ஐயோ பேட்டரின்னு தலையில அடிச்சுக்கறாங்க. எத்தனை மணிக்கு முழுங்கினான்னு என்னைக் கேக்கறாங்க. எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம்தான் பேப்பர் ஞாபகம் வந்துச்சு.

பொண்ணு மேல தப்பு இல்ல. நான் அவளை ஒரு வார்த்தை திட்டல. முழுங்கினான், ரத்தம் இல்ல, தீ இல்ல, தெரியாத ஆள் இல்ல. அப்ப அது மஞ்சள்தான். ரூல்படி மஞ்சள்தான். ரத்தம் வந்த அடுத்த நிமிஷம் சிவப்புக்கு மாத்திட்டா. என் டீம்ல எவனும் இவ்ளோ சுத்தமா பண்ண மாட்டான். ரூல்ல ஒரு ஓட்டை இருந்திருக்கு, அதை ஒத்துக்கறேன். இங்க உக்காந்து யோசிச்சு சரி பண்ணிட்டேன். இனிமே முழுங்கறதும் சிவப்பு. நாளைக்கே சேத்துடுவேன்.

இங்க வந்தா அந்த டாக்டர். நேத்து காலேஜ் முடிச்சு வந்திருக்கும். எப்ப முழுங்கினான்னு கேட்டுச்சு. பதினொண்ணரைன்னேன். இப்ப மணி நாலு, இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்கன்னு கேக்குது. எல்லார் முன்னாடியும். இந்த பேட்டரி ரெண்டு மணி நேரத்துலயே உள்ள அரிக்க ஆரம்பிச்சுடும் தெரியுமான்னு. எனக்கு எப்படிம்மா தெரியும், நான் என்ன பேட்டரியா விக்கறேன்? அப்புறம் எத்தனை முழுங்கினான்னு கேட்டுச்சு. ஒண்ணுன்னேன். நிச்சயமா ஒண்ணுதானா, வீட்ல வேற எதாவது காணாமப் போயிருக்கான்னு. ஒரு விளக்கு, ஒரு பேட்டரி, ஒண்ணுதான்னேன். நான் ஒரு தடவை சொன்னா அது கணக்கு, திரும்பத் திரும்பக் கேட்டா மாறப் போகுதா? எக்ஸ்ரே வந்துச்சு. பளிச்சுனு ஒரே வட்டம். பாத்தியான்னு கேக்கணும்போல இருந்துச்சு. கேக்கல.

ஒரு நிமிஷம், போன். அந்த ஸ்டெல்லா அம்மாதான். எங்களோட இங்க வந்துட்டு, வீட்டைக் கழுவி விடறேன்னு திரும்பிப் போயிருக்காங்க.

சொல்லுங்க. ம். இன்னும் உள்ளதான் இருக்கான். என்ன ரெண்டு? இன்னொரு விளக்குமா? அது ஏற்கெனவே காலியா இருந்திருக்கும். சரி, திறந்துதான் இருக்குன்னு வைங்க, எங்கயாவது உருண்டிருக்கும். சோஃபாவுக்கு அடியில பாருங்க. பாத்தாச்சா, அப்ப ஃப்ரிட்ஜுக்கு அடியில. அங்கயும் இல்லன்னா நான் என்ன பண்ண? எக்ஸ்ரேல ஒண்ணுதான் மேடம் இருக்கு, என் கண்ணால பாத்தேன். சம்யுவா? அவளுக்கென்ன, நல்லா உக்காந்திருக்கா. பேசறதா? பேச மாட்டா, வைங்க.

பாத்தீங்களா. இன்னொரு விளக்குலயும் பேட்டரி இல்லையாம், துடைப்பத்தைப் போட்டுத் துழாவிக்கிட்டிருக்காங்க. டாக்டர்கிட்ட சொல்லுங்க, சொல்லுங்கன்னு வேற. சொன்னா அது பிடிச்சுக்கிட்டுத் தொங்கும். இந்தமாதிரி ஆளுங்களுக்கு எல்லாமே சிவப்பு. வாழ்க்கையில மஞ்சளே கிடையாது.

சம்யு, என்ன திரும்பத் திரும்ப? கர்ச்சீஃப் இவ்ளோ ஈரமா இருக்கு. தண்ணி வேணுமா? வேண்டாமாம். காலையிலேர்ந்து சாப்பிடல, அவனைப் பாத்துட்டே இருந்திருப்பா போல. நிமிர்ந்து உக்காரு.

அவளைக் கேட்டீங்களான்னா? எதை? நடந்ததையா? என்னத்த கேக்கறது, அவதான் எழுதிக் குடுத்திருக்காளே. பேப்பர் என் பாக்கெட்லயே இருக்கு. அந்த டாக்டர் மறுபடியும் நேரம் கேட்டா ஆதாரம் வேணும்னு எடுத்துட்டு வந்தேன். இந்தாங்க, பாருங்க, ஆறு வயசுப் பொண்ணு வரைஞ்சது. இதான் அவன். மொட்டைத் தலை, அதான் போன மாசம் திருப்பதி போயிட்டு வந்தோம். வாய்க்குள்ள வட்டம். பக்கத்துல ரெட்டைச் சடை போட்டது இவ. எதை வரைஞ்சாலும் தன்னையும் சேத்து வரைஞ்சுக்குவா. அம்மாவை வரைஞ்சாலும் பக்கத்துல இவ, ஆட்டுக்குட்டி வரைஞ்சாலும் பக்கத்துல இவ. கீழ டிக் போட்டிருக்கா பாருங்க. ஒரு ஸ்டெப் விடல. அவ்ளோ அமர்க்களத்துலயும் ஒரு ஸ்டெப் விடல. சபரீஷுக்கு இதை போட்டோ எடுத்து அனுப்பணும்.

என்ன அதையே பாத்துக்கிட்டிருக்கீங்க? இருங்க, எதுவா இருந்தாலும் அப்புறம் சொல்லுங்க. கதவு திறக்குது.

நான்தான் சிஸ்டர். நிரஞ்சன் அப்பா. எடுத்துட்டாங்களா? எடுத்துட்டாங்களா. முழுசா? சரி. சரி சிஸ்டர். புண்ணா? ஆறிடும்ல? வாயில எதுவும் குடுக்கல, குடுக்க மாட்டோம். டாக்டர் சொல்றாங்களா, சரி, இங்கயே இருக்கேன். தேங்க்ஸ் சிஸ்டர்.

எடுத்தாச்சு அண்ணா. உள்ள புண்ணாயிருக்காம், நாலு நாள் இங்கயே வெச்சுப் பாக்கணுமாம். ஆனா எடுத்தாச்சு. கண் முழிச்சு அம்மாவைப் பாத்தானாம். ஒன்றரை மணி நேரமா நான் எதுக்கு வாய் மூடாம பேசிக்கிட்டிருந்தேன்னு நினைக்கறீங்க? பேச்சை நிறுத்தினா அவன் வாயோரத்துல இருந்த அந்த ரத்தம்தான் கண்ணுல வந்து நிக்குது. நான் தட்டைப் போட்டு சாப்பிட்டேன் அண்ணா. ரசம் ஊத்தி, அப்பளம் வெச்சு. அவன் பத்தடி தள்ளி உக்காந்திருந்தான்.

சரி விடுங்க. முடிஞ்சுது. சம்யு, இங்க வா. தம்பிக்கு சரியாயிடுச்சு. டேக்கை எடு, பச்சையைத் திருப்பி வெய்யி. திருப்பும்மா. ஏன் தலையாட்டற? பச்சை வெய்யின்னா வெய்யி. எல்லாம் முடிஞ்சாச்சு.

என்ன? சத்தமா சொல்லு. தொண்டை கட்டியிருக்கா? தம்பிது முடிஞ்சிடுச்சான்னு கேக்கறா. முடிஞ்சிடுச்சுடா கண்ணா, இப்பதானே சொன்னேன்.

அப்ப என்னோடதுங்கறா. உன்னோடது என்ன?

வரிசையில நின்னியா? எதுக்கு? எதைப் பண்ணிப் பாத்த? சம்யு, என்னைப் பாத்து சொல்லு. எதைப் பண்ணிப் பாத்த? கையை எடு. ஏன் நெஞ்சைப் பிடிச்சுக்கற? எப்பலேர்ந்து? தம்பி முழுங்கினப்பவா? உனக்குமா?

ஏன் சிவப்பு வெக்கல நீ? ஏம்மா சிவப்பு வெக்கல?

ரத்தம் வரலையாம்.

அண்ணா, அந்தப் பேப்பரைக் குடுங்க. குடுங்கண்ணா. ரெண்டு வாய்லயும் வட்டம் போட்டிருக்கா. நீங்க பாத்துட்டீங்க. அதைத்தான் சொல்ல வந்தீங்க, நான் இருங்க இருங்கன்னேன். ஆறு மணி நேரமா இவ. பன்னைக் கையில வெச்சுக்கிட்டு.

அண்ணா, இவளை நீங்க தூக்குங்க. அழாதம்மா, இல்ல, அழு, சத்தமா அழு, அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன். தூக்கிட்டு அந்தக் கதவைத் தட்டுங்கண்ணா. அந்த டாக்டரம்மாவைக் கூப்பிடுங்க. அவங்க ரெண்டு தடவை கேட்டாங்க, ஒண்ணுன்னு சொன்னேன். ரெண்டுன்னு சொல்லுங்க. நான் சொன்னது தப்பு, ரெண்டுன்னு சொல்லுங்க.